கோடுகள் காட்டும் உறவு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கனடாவின் பூர்வகுடி ஓவியங்களைப் பற்றித் தமிழ் இதழ்களில் எப்போதாவது வரும் குறிப்புகள், அவற்றின் பளிச்சிடும் வண்ணங்களையும் தடித்த கருங்கோடுகளையும் வியந்த அளவில் நின்றுவிடுகின்றன. அந்தக் கோடுகள் எதற்காக வரையப்பட்டன என்பதையும் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

அனிஷினாபே இனத்தவரும் 2007-இல் மறைந்தவருமான நோர்வல் மோரிசோவின் ஓவியங்களில், மனிதர், கரடி, மீன், பறவை ஆகிய உடல்களிலிருந்து கோடுகள் புறப்பட்டு ஒன்றையொன்று சென்று தொடுகின்றன. அவை அந்த உயிர்களுக்கிடையே ஓடும் ஆற்றலையும் உரையாடலையும் குறிப்பவை. பிர்ச் மரப்பட்டைச் சுருள்களிலும் ஏரிக்கரைப் பாறைகளிலும் அவருடைய முன்னோர் தீட்டிய உருவங்களும், பாட்டனாரிடம் கேட்டு வளர்ந்த கதைகளுமே இந்தப் பாணிக்கு வேர். அம்மக்களின் ஒஜிப்வே மொழி, பெயர்ச்சொற்களை உயிருள்ளவை, உயிரற்றவை என்று பிரிக்கிறது. அதில் கல்லைக் குறிக்கும் ‘அசின்’ என்ற சொல் உயிருள்ளவற்றோடு சேர்கிறது. கரடியையும் கல்லையும் ஒருசேர அஃறிணையில் வைக்கும் இலக்கணத்தில் பழகிய நமக்கு, இந்த ஒரு செய்தி தெரிந்தாலே அந்த ஓவியங்கள் வேறாகத் தெரியத் தொடங்கும்.

1967-இல் மான்ட்ரியால் உலகக் கண்காட்சியில் பூர்வகுடியினருக்கென அமைந்த அரங்கின் சுவரில், பூமித்தாயிடம் கரடிக்குட்டிகள் பால் குடிப்பதாக வரைய மோரிசோ திட்டமிட்டார். அதிகாரிகள் ஆட்சேபித்தபோது மாற்றி வரைய மனமில்லாமல் விலகிக்கொண்டார்; சக ஓவியர் கார்ல் ரே அந்தப் பணியை முடித்தார். கரடிக்குட்டியும் மனிதக் குழந்தையும் ஒரே தாயின் பிள்ளைகள் என்பது அவருக்கு உவமையாக இருந்திருந்தால், இன்னோர் உவமையைத் தேடிக்கொண்டிருப்பார் என்றே நினைக்கிறேன்.

புனிதக் கதைகளை வெளியாருக்குக் காட்டிவிட்டார் என்று அவருடைய சமூகத்திலேயே சிலர் அவரைக் கண்டித்ததும் உண்டு. அந்தக் கண்டனத்தையும் மதித்தே அவரைப் பற்றி எழுத வேண்டும். ஏனெனில் கதையைச் சொல்லும் உரிமையும் அந்த உறவின் ஒரு பகுதிதான். இந்த உறவு எதுவும் இல்லாமல் பாணியை மட்டும் நகலெடுத்ததன் விளைவுதான், அவருடைய பெயரில் பெருகிய போலி ஓவியங்கள்: 2023 மார்ச்சில் ஒன்டாரியோ காவல்துறை எட்டுப் பேரைக் கைது செய்தது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓவியங்கள் கைப்பற்றப்பட்டன.

இன்று, பூர்வகுடியினரும் ஐரோப்பியரும் கலந்த வழியில் வந்த மேட்டி இனத்தைச் சேர்ந்த ஓவியர் கிரிஸ்டி பெல்கோர்ட், தம் மக்களின் மணிவேலைப்பாட்டை ஒத்த சிறுசிறு புள்ளிகளால், பூக்களோடு மண்ணுக்குள் இருக்கும் வேர்களையும் சேர்த்தே வரைகிறார். இத்தகைய படைப்புகளை வெளியிடும்போது ‘பழங்குடி ஓவியம்’ என்று பொதுப்படக் குறிப்பிடாமல், ஓவியரின் பெயரையும் இனத்தின் பெயரையும், அவர்களே வெளியில் சொல்லியிருக்கும் பொருளையும் படத்தின் கீழ் இரண்டு வரிகளாவது அச்சிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்