அப்பா ‘உளைச்சல்’ என்றார்: சிங்கப்பூர்க் குடும்ப மருத்துவர்களுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய குடும்ப மருத்துவர்களுக்கு,

வணக்கம். என் அப்பாவுக்கு 76 வயது. முப்பது ஆண்டுகள் பாதுகாவலராக இரவு வேலை பார்த்தவர். இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம், பாதத்தில் எரிச்சல், இருபது ஆண்டுகளாக நீரிழிவு. அம்மா தவறி மூன்று வருடமாகிறது.

புளோக்குக்குக் கீழே இருக்கும் கிளினிக்கில் மூட்டுவலிக்கு டிராமடால் என்ற வலி மாத்திரை கொடுத்தார்கள். தூக்கம் வரவில்லை என்று இன்னொரு கிளினிக்குக்குப் போனார், அங்கே தூக்க மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு இடத்திலும் மாத்திரையை அங்கேயே வாங்கிக்கொண்டு வந்ததால், இரண்டையும் சேர்த்துப் பார்க்க நடுவில் ஒரு மருந்தாளர்கூட இல்லை. ஒரு வருடத்துக்கு மேல் இப்படியே ஓடியது. ஒரு நாள் பின்னிரவில் கழிவறைக்குப் போனவர் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். மருத்துவமனையில் மாத்திரைப் பைகளை மேசைமேல் கொட்டிப் பார்த்தபோதுதான் எனக்கே எல்லாம் தெரிந்தது. அந்த இரண்டு மருத்துவர்கள்மேலும் எனக்குக் கோபம் இல்லை என்று சொல்ல மாட்டேன். அதைவிட அதிகக் கோபம் என்மேல்.

அதற்குப் பிறகு நிறைய படித்தேன். டிராமடாலும் கோடீனும் மார்ஃபீனின் குடும்பம், பழக்கமாகிவிடக்கூடிய வலி மருந்துகள். 75 வயதைத் தாண்டியவருக்கு டிராமடாலின் உச்ச அளவு ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம், இளையவர்களுக்கு 400. சிறுநீரகம் மிகவும் பலவீனமாக இருந்தால் இரண்டு வேளைக்கு இடையே 12 மணி நேரமாவது விட வேண்டும். இருபது வருட நீரிழிவுக்காரரின் சிறுநீரகம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இந்த வகை வலி மருந்தோடு பென்சோடயசெப்பின் தூக்க மாத்திரை சேர்ந்தால் மூச்சே அடங்கிப்போகலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016ல் தன் ஆகக் கடுமையான எச்சரிக்கையை வெளியிட்டது. நம் ஊரிலும் இவ்வகை மருந்துகளைப் பாதுகாப்பாக எழுதிக்கொடுப்பதற்கான தேசிய வழிகாட்டிகள் 2021ல் வந்துவிட்டன.

இத்தனை ஆபத்துக்கு ஈடாகப் பலனாவது இருக்கிறதா? அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்கள் 240 பேரை ஓர் ஆண்டு தொடர்ந்து பார்த்து 2018ல் முடிவை வெளியிட்டார்கள். எல்லாரும் நாள்பட்ட முதுகுவலி, இடுப்பு மூட்டுவலி, முழங்கால் வலிக்காரர்கள். மார்ஃபீன் வகை மருந்து சாப்பிட்டவர்கள் மற்றவர்களைவிட நன்றாக நடமாடவில்லை. வலி குறைந்ததும் மற்ற மருந்து சாப்பிட்டவர்களுக்குத்தான் சற்றுக் கூடுதல்.

ஆனால் நான் எழுத வந்தது மாத்திரையைப் பற்றி மட்டும் இல்லை, கேள்வியைப் பற்றி. “பெயின் எப்படி, பத்துக்கு எத்தனை?” என்று கேட்கிறீர்கள். அப்பா யோசித்து “எட்டு” என்பார். வீட்டில் அவர் எட்டு, ஒன்பது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. முழங்காலில் குடைச்சல் என்பார். கெண்டைக்காலில் கடுப்பு. பாதத்தில் எரிச்சலும் மதமதப்பும். அந்த எரிச்சல் நரம்பு வலி. அதற்கு முதலில் கொடுக்கும் மருந்துகளே வேறு. ராத்திரியானால் “கால் உளையுதும்மா, தூங்க முடியலை” என்பார். உளைச்சல் என்ற சொல்லைக் காலுக்கும் சொல்கிறோம், மனசுக்கும் சொல்கிறோம். அம்மா போன பிறகுதான் அப்பாவுக்குக் கால் உளைய ஆரம்பித்தது. ‘எட்டு’ என்ற எண்ணுக்குள் இது எதுவும் இல்லை.

மனச்சோர்வு உள்ளவர்களுக்கே இந்த மருந்துகள் அதிகமாகவும் நீண்ட காலமும் போகின்றன என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. அவர்களுக்கு வலி உண்மையிலேயே கூடுதலாக இருக்கிறது, அதனால் திரும்பத் திரும்ப வருகிறார்கள். பத்து நிமிடச் சந்திப்பில் மாத்திரையை விட்டால் கொடுக்க வேறு ஒன்றும் இல்லை. ஆகக் கூடுதல் ஆபத்தில் இருப்பவர் கையில் ஆகப் பெரிய பொட்டலம் போய்ச் சேருகிறது. மனச்சோர்வுக்கான சில மருந்துகளும் டிராமடாலும் சேர்ந்தால் வலிப்பு வரும் அபாயமும் உண்டு.

தயவுசெய்து கேளுங்கள். வேறு எங்கே மருந்து வாங்குகிறீர்கள், தூக்கம் எப்படி, குறட்டை உண்டா, வீட்டில் யார் இருக்கிறார்கள், மனசு எப்படி இருக்கிறது? தமிழ் தெரியாதென்றால் தாதியரில் ஒருவரையாவது கூப்பிடுங்கள். குடியைப் பற்றிக் கேட்கும்போது என்னை வெளியே அனுப்பிவிடுங்கள். மகள் எதிரே எந்த அப்பாவும் “ரெண்டு பியர் போடுவேன் டாக்டர்” என்று சொல்ல மாட்டார். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

கிடைத்த பதிலை வைத்து வாசலை மட்டும் அடைத்துவிடாதீர்கள். வாலிபத்தில் போதைப்பொருள் வழக்கில் சிக்கி, மறுவாழ்வு நிலையத்தில் இருந்து திரும்பியவர்கள் நம் சமூகத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் வயதாகிறது, மூட்டு தேய்கிறது. உண்மையைச் சொன்னால் மருத்துவர் முகம் மாறும் என்று பயந்து மறைக்கிறார்கள். ஹெராயின் பழக்கத்தை விடவைக்கும் மருந்தாக இங்கே வந்த சுபுடெக்ஸ், பலர் அதையே போதைக்குப் பயன்படுத்தியதால் 2006ல் ஆகக் கடுமையான ‘ஏ வகை’ப் போதைப்பொருளாக ஆனதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த எச்சரிக்கை உணர்வு எனக்குப் புரிகிறது. அதற்காக அவர்கள் வலி பொய்யாகிவிடாது.

அப்பா விழுந்த பிறகு ஒரு மருத்துவர் டிராமடாலை அன்றோடு நிறுத்திவிட்டார். நான்கு நாள் வியர்வை, வயிற்றுப்போக்கு, நடுக்கம். காய்ச்சல் என்று நினைத்துக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன். நாள்பட்டுச் சாப்பிட்டவருக்குத் திடீரென நிறுத்தக் கூடாது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும் என்று அதே அமெரிக்க அமைப்பு 2019லேயே எச்சரித்திருக்கிறது. எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

‘ஹெல்தியர் எஸ்ஜி’ என்ற தேசிய சுகாதாரத் திட்டம் வந்த 2023 முதல் ஒருவருக்கு ஒரு குடும்ப மருத்துவர் என்று பதிந்துகொள்கிறோம். அப்பாவுக்கும் பதிந்துவிட்டேன். அடுத்த மாதம் முதல் சந்திப்பு. எல்லா மாத்திரைகளையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுவருகிறேன். நான் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன்.

அன்புடன்,
ஒரு மகள்