பெட்டி வராவிட்டாலும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பதில் தாமதமானதற்கு முழங்கால் வலி என்று ஒரு காரணம் சொல்லலாம், ஆனால் உனக்குத் தெரியும், வெறும் சோம்பல்தான். முழங்கால் இப்போது பரவாயில்லை, மாடி ஏறும்போது மட்டும் முனகுகிறேன். பேரன் நடக்க ஆரம்பித்துவிட்டான். தரையில் இருந்த சாமான் எல்லாம் அலமாரி உச்சிக்குக் குடியேறிவிட்டது.

நாற்பது வருடமாக "ஒருநாள் வெளிநாடு போகணும்டா" என்று சொல்லிக்கொண்டே இருந்தவன் ஒருவழியாக டிக்கெட் போட்டுவிட்டாய்! நீயும் தங்கச்சியும் மூன்று வாரம், நடுவில் ஒரு விமானம் மாறணும். சந்தோஷமாக இருக்கிறது. என்ன எடுத்துக்கொண்டு போவது என்று கேட்டிருந்தாய். அதற்கு முன்னால் என் கதை ஒன்றைக் கேள்.

என் முதல் வெளிநாட்டுப் பயணத்தில் நடுராத்திரி போய் இறங்கினேன். பெட்டிகள் வரும் பெல்ட் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். ஒவ்வொருவராகப் பெட்டியை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கடைசியில் ஒரு குழந்தைத் தள்ளுவண்டியும், கயிறு கட்டிய அட்டைப்பெட்டி ஒன்றும் மட்டும் சுற்றிச் சுற்றி வந்தன. அப்புறம் பெல்ட்டும் நின்றுவிட்டது. என் பெட்டி வேறு ஊருக்குப் போயிருந்தது. ரத்த அழுத்த மாத்திரை, போன் சார்ஜர், மாற்றுக் கண்ணாடி, தங்கும் இடத்தின் முகவரி எழுதிய டைரி, எல்லாம் அதற்குள். இரண்டு நாள் ஒரே சட்டையில் திரிந்தது ஒன்றுமில்லை. மாத்திரைக்குத்தான் திண்டாடினேன். மருந்துச் சீட்டு இல்லாமல் தர முடியாது என்றார்கள். கம்பெனி வைத்த பெயரைச் சொன்னேன், அந்த ஊரில் யாரும் அதைக் கேள்விப்பட்டதே இல்லை.

அன்றிலிருந்து கட்டிலில் இரண்டு குவியல் போட்டுத்தான் பெட்டி கட்டுகிறேன். பெட்டி வராமலே போனாலும் இரண்டு நாள் ஓட்டத் தேவையானவை ஒன்று, மற்றதெல்லாம் இன்னொன்று. முதல் குவியல் கைப்பைக்கு. பாஸ்போர்ட், மருந்து, சார்ஜர், கண்ணாடி, ஒரு மாற்றுத் துணி, முகவரி எழுதிய தாள் எல்லாம் அதில். இரண்டாவது குவியலில் பாதியை எடுத்து மறுபடி பீரோவில் வைத்துவிடு. நிஜமாகத்தான் சொல்கிறேன். நான் கொண்டுபோன நாலாவது பேன்ட் எந்த ஊரையும் பார்த்ததில்லை.

மாத்திரையை அதன் அட்டையோடும் பெட்டியோடும் எடுத்துக்கொள். டாக்டரிடம் மருந்தின் மூலப்பெயரைப் போட்டு ஆங்கிலத்தில் ஒரு சீட்டு வாங்கிக்கொள். நம் வீட்டு அலமாரியில் சாதாரணமாகக் கிடக்கும் மருந்து இன்னொரு நாட்டில் குற்றமாகிவிடலாம். சூடோஎஃபெட்ரின் அதிகம் கலந்த சளி மாத்திரை ஜப்பானுக்குள் போகக் கூடாது. கோடீன், டிராமடால் கலந்த வலி மருந்துக்கு ஐக்கிய அரபு அமீரகத்தில் முன் அனுமதி வேண்டும். போகும் நாட்டுத் தூதரகத்தின் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடு. தங்கச்சி இன்சுலின் போட்டுக்கொள்கிறாள் அல்லவா, அதை ஒருபோதும் பெரிய பெட்டியில் வைக்காதே. சரக்கு அறையின் குளிரில் உறைந்தால் வீண்.

பெட்டி வராவிட்டால் பதறாதே. சுங்கம் தாண்டி வெளியே வருவதற்கு முன்பே லக்கேஜ் கவுன்டரில் புகார் எழுதி, பி.ஐ.ஆர். என்ற புகார்ப் பதிவுத் தாளையும் அதன் எண்ணையும் வாங்கிக்கொள். சர்வதேச விமானப் பயணத்துக்கான 1999 மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி, பெட்டி உடைந்திருந்தால் 7 நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுக்கணும். 21 நாளாகியும் வராவிட்டால் தொலைந்ததாகவே கணக்கு, இழப்பீடு கேட்கலாம். மூடுவதற்கு முன்னால் பெட்டியைத் திறந்தபடி ஒரு போட்டோ எடுத்துவை, உள்ளே என்ன இருந்தது என்று அவர்கள் கேட்பார்கள். போன பயணத்தின் பார்கோடு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் கிழித்துவிடு. என் பெட்டி ஊர் மாறியது அதனால்தானோ என்று எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு.

பவர் பேங்க் கைப்பையில்தான் போகணும், பெரிய பெட்டியில் கூடவே கூடாது. லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் ஆள் இருக்கும் இடத்தில் அணைத்துவிடலாம், கீழே சரக்கில் யார் பார்ப்பார்கள்? 100 வாட் அவர் (பேட்டரி சேமிக்கும் மின்சாரத்தின் அளவு) வரைக்கும் பொதுவாகத் தடை இல்லை. சாதாரணமாக விற்கும் 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் சுமார் 74 வாட் அவர்தான். 2025 முதல் பல விமான நிறுவனங்கள் பறக்கும்போது அதைப் பயன்படுத்தவே விடுவதில்லை. ஏறும் வாசலில் இடமில்லை என்று கைப்பையைக் கீழே அனுப்பச் சொன்னால், பவர் பேங்கையும் மருந்தையும் முதலில் உருவிக்கொள்.

திரவம் எல்லாம் 100 மி.லி. புட்டியில். திரவ வெடிமருந்தால் விமானங்களைத் தகர்க்கும் சதித் திட்டம் ஒன்று 2006இல் லண்டனில் பிடிபட்ட பிறகு வந்த விதி இது. புட்டியின் கொள்ளளவுதான் கணக்கு, அதில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதல்ல. கால்வாசி மட்டும் இருந்த என் 200 மி.லி. எண்ணெய்ப் புட்டி குப்பைக்குப் போனது. சில விமான நிலையங்கள் இப்போது தளர்த்தியிருக்கின்றன. ஆனால் நீ மாறும் இடத்தில் மறுபடி சோதிப்பார்கள், அதனால் பழைய விதியையே நினைத்துக் கட்டு.

பாஸ்போர்ட்டின் காலாவதித் தேதியை இன்றே பார். பல நாடுகள் நீ போய்ச் சேர்ந்த பிறகும் ஆறு மாதம் செல்லுபடியாகணும் என்று கேட்கின்றன. டிக்கெட்டில் உள்ள பெயர் பாஸ்போர்ட்டில் இருப்பது போலவே இருக்கிறதா என்றும் பார். நகல் ஒன்று உன் பெட்டியில், ஒன்று தங்கச்சியிடம், ஒன்று இங்கே என்னிடம். தொலைந்தால் போலீஸ் புகார், அப்புறம் தூதரகம். நகல் இருந்தால் வேலை சுருக்காக முடியும்.

தங்கும் அறையில் லாக்கர் இருந்தால் பாஸ்போர்ட்டோடு உன் ஷூ ஒன்றையும் உள்ளே வை. சிரிக்காதே. ஒருமுறை தலையணைக்கு அடியில் பாஸ்போர்ட்டை வைத்துவிட்டு டாக்சியில் பாதி வழி போய்த் திரும்பியவன் நான். ஒற்றைக் காலில் ஷூவோடு யாரும் விமான நிலையம் போக மாட்டார்கள்.

கார்டு இரண்டு கொண்டுபோ, இரண்டையும் ஒரே பர்ஸில் வைக்காதே. வெளிநாட்டில் வேலை செய்யும்படி வங்கியில் முன்பே சொல்லிவிடு. ஓடிபி உன் பழைய எண்ணுக்குத்தான் வரும், அந்த சிம்மை ரோமிங்கில் உயிரோடு வைத்திரு. கடையில் கார்டைக் கொடுக்கும்போது, உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிடவா, இந்த ஊர்ப் பணத்திலா என்று இயந்திரம் கேட்கும். அந்த ஊர்ப் பணத்தையே தேர்ந்தெடு. இல்லாவிட்டால் மாற்று விகிதத்தில் கை வைத்துவிடுவார்கள்.

கூட்டத்தில் யாராவது உன் சட்டையில் ஏதோ கொட்டிவிட்டுத் துடைக்க வந்தால் முதலில் பர்ஸைப் பிடித்துக்கொள், சட்டையை அப்புறம் பார்க்கலாம். விமான நிலையத்தில் எவ்வளவு பாவமாகக் கேட்டாலும் யாருடைய பொட்டலத்தையும் வாங்காதே. உன் இளகிய மனசு எனக்குத் தெரியும், அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் அவசர எண் 112, அமெரிக்காவில் 911. நீ போகும் ஊரின் எண்ணைப் போனில் மட்டும் வைக்காமல் தாளிலும் எழுதிக்கொள்.

காப்பீடு எடுக்கும்போது உன் சர்க்கரையையும் அவளுடையதையும் மறைக்காமல் எழுது. பணம் மிச்சம் பிடிக்கிறேன் என்று மறைத்தால், ஆஸ்பத்திரிச் செலவு வரும் அன்று அதைக் காட்டியே கையை விரித்துவிடுவார்கள்.

எனக்கு எதுவும் வாங்கி வராதே, பெட்டி கனக்கும். போன ஊரிலிருந்து ஒரு தபால் கார்டு மட்டும் போடு. என் முகவரியைக் கைப்பையில் வை, பெட்டிக்குள் இருக்கும் டைரியில் வேண்டாம்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்