தலைமை நாற்காலியும் பக்கத்து நாற்காலியும்

காட்பாடி,
7-1-2024

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து அணியின் நான்கில் ஒரு பங்கை வாங்கத் தொழிலதிபர் ஜிம் ராட்கிளிஃப் ஒப்பந்தம் செய்துகொண்டதாகக் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் வெளியான செய்தியைத் தங்கள் விளையாட்டுப் பக்கம் நான்கு வரியில் முடித்துவிட்டது. அதற்கு முன்பு நவம்பர் 15 அன்று, தலைமைச் செயல் அதிகாரி ரிச்சர்ட் அர்னால்ட் விலகுகிறார் என்று வந்த அறிவிப்புக்கு அந்த நான்கு வரிகூடக் கிடைக்கவில்லை. பயிற்சியாளர் எரிக் டென் ஹாக் நீடிப்பாரா என்பதற்கு மட்டும் அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். எங்கள் பகுதி ரசிகர்களிடம் நடக்கும் வாதமோ இதற்கு நேர்மாறானது என்பதைத் தெரிவிக்கவே இக்கடிதம். (கழகம் என்று எழுதினால் நம் மாநிலத்தில் வேறு பொருள் வந்துவிடும் என்பதால் கிளப் என்றே எழுதுகிறேன்.)

டிசம்பர் 30 இரவு 11 மணிக்குத் தொடங்கிய நாட்டிங்காம் ஃபாரஸ்ட் ஆட்டத்தை என் தங்கை மகனும் அவன் நண்பர்கள் ஐந்து பேரும் எங்கள் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து பார்த்தார்கள். யுனைடெட் 2-1 என்று தோற்றது. எல்லாப் போட்டிகளையும் சேர்த்து இந்தப் பருவத்தில் அது பதினான்காவது தோல்வி. வழக்கமாக இப்படித் தோற்றால் கோல்கீப்பரில் தொடங்கிப் பயிற்சியாளர் வரை ஒரு சுற்றுத் திட்டிவிட்டுப் பையன்கள் கலைந்துபோவார்கள். அன்றைக்கோ அடுத்த சிஇஓ, அதாவது தலைமைச் செயல் அதிகாரி, யார் என்று ஆரம்பித்த பேச்சு, மார்கழிக் குளிரையும் பொருட்படுத்தாமல், தெருமுனைக் கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை கேட்கும் வரை ஓயவில்லை. பால் காய்ச்ச எழுந்த என் மனைவி, அவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, "புது சிஇஓ எப்போ சார்ஜ் எடுக்கிறார், பழையவரை எங்கே மாத்திட்டாங்க?" என்று அக்கறையோடு விசாரித்தார். வேலூர் மாவட்டத்தில் முப்பது ஆண்டுகள் வாத்தியார் வேலை பார்த்தவருக்கு அந்த மூன்று எழுத்து முதன்மைக் கல்வி அலுவலரைத்தானே குறிக்கும்.

வாதத்தில் மூன்று கட்சிகள் இருந்தன. ராட்கிளிஃபின் விளையாட்டு நிறுவனத்தை நடத்தும் ஜான் குளோட் பிளாங்கின் பெயர் அடிபடுவதால் அவரே வரட்டும் என்பது தங்கை மகன் கட்சி. யுவென்டஸ் கிளப்பின் புதிய மைதானத் திட்டத்தில் முன்நின்றவர், பிறகு பாரிஸ் செயின்ட் ஜெர்மெயினில் பத்தாண்டுக்கு மேல் நிர்வாகம் செய்தவர் என்று அவன் அடுக்கினான். பந்தைத் தொட்டவனுக்குத்தான் பந்தின் அருமை தெரியும், ஆகவே பழைய ஆட்டக்காரர் ஒருவரை உட்கார வைக்க வேண்டும் என்பது இரண்டாம் கட்சி. மூன்றாவது கட்சிக்கு யார் வந்தாலும் சம்மதம், வருகிறவர் கணக்குப்பிள்ளையாக மட்டும் இருக்கக் கூடாது. ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைகளில் முப்பத்தோரு ஆண்டு கணக்கு எழுதி ஓய்வுபெற்ற என்னை வைத்துக்கொண்டே அதைச் சொன்னார்கள். அவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது என்பதால் எனக்குக் கோபமில்லை.

முதலில் பழைய ஆட்டக்காரர் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், அது சீக்கிரம் முடிந்துவிடும். ஜெர்மனியின் பேயர்ன் மியூனிக் கிளப் தன் புகழ்பெற்ற கோல்கீப்பர் ஆலிவர் கானைத்தான் 2021-இல் தலைமைச் செயல் அதிகாரி ஆக்கியது. 2023 மே 27 அன்று பேயர்ன் கடைசி நிமிடங்களில் ஜெர்மன் லீக் பட்டத்தை வென்றது. அதே நாளில் கான் பதவி நீக்கப்பட்ட அறிவிப்பும் வெளியானது. வலைக்கு முன்னால் நின்று பெற்ற பெயர் அலுவலக மேசைக்குப் பின்னால் துணைக்கு வரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

கணக்குப்பிள்ளை விஷயம் அவ்வளவு எளிதல்ல. அர்னால்டுக்கு முன் அதே பதவியில் இருந்த, வங்கித் துறையிலிருந்து வந்த எட் வுட்வர்டும், கணக்குத் தணிக்கைத் துறையிலிருந்து வந்த அர்னால்டும் பத்தாண்டுகளில் கிளப்பை இந்த நிலைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள் என்று பையன்கள் சொல்கிறார்கள். ஆனால் 2003 முதல் 2013 வரை அதே நாற்காலியில் இருந்து, கோப்பைகளை அடுக்கிவிட்டுப் போன டேவிட் கில்லும் கணக்காளர்தான். 1997-இல் நிதி இயக்குநராக உள்ளே வந்தவர். 2005-இல் கிளேசர் குடும்பம் சுமார் 79 கோடி பவுண்டு மதிப்பில் கிளப்பை வாங்கி, வாங்கிய கடனில் பெரும்பகுதியைக் கிளப்பின் தலையிலேயே ஏற்றிய பிறகும், அவர் காலத்தில் அணி வென்றுகொண்டிருந்தது. வித்தியாசம் எங்கே என்றால், கில்லுக்குப் பக்கத்து நாற்காலியில் அன்றைய பயிற்சியாளர் அலெக்ஸ் ஃபெர்குசன் இருந்தார். எந்த ஆட்டக்காரர் வேண்டும், யாரை எப்போது கழற்றிவிட வேண்டும் என்று சொல்ல ஒருவர். அதற்குப் பணம் புரட்டவும் பேரம் பேசி முடிக்கவும் ஒருவர். 2013 கோடையில் இருவரும் ஒரே நேரத்தில் போனார்கள். ஃபெர்குசனின் இடத்துக்குப் பயிற்சியாளர் வந்தார், கில்லின் இடத்துக்கு வுட்வர்ட் வந்தார். ஆனால் ஃபெர்குசன் பார்த்துவந்த இன்னொரு வேலை, அதாவது பயிற்சியாளர் மாறினாலும் அணி மாறாமல் காக்கும் வேலை, யாரிடமும் ஒப்படைக்கப்படவில்லை.

அந்தக் கோடையில் நடந்த ஒன்றை ஒரு கணக்குப்பிள்ளையாக என்னால் மறக்க முடிவதில்லை. எவர்ட்டன் அணியின் மரவான் ஃபெலைனியை 2.35 கோடி பவுண்டுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும் என்று அவருடைய ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. அதற்கு ஜூலை கடைசி வரை கெடு. கெடுவைக் கோட்டைவிட்டு, செப்டம்பரில் ஆட்டக்காரர் சந்தை மூடும் கடைசி நாளில் 2.75 கோடி கொடுத்து அதே ஆளை வாங்கினார்கள். விற்பவர் ஒருவரே, சரக்கும் ஒன்றே. ஒரு மாதத் தாமதத்துக்கு விலை 40 லட்சம் பவுண்டு. பணத்தைப் பார்த்துப் பார்த்துச் செலவழிக்கத் தெரிந்தவர் என்று நாற்காலியில் உட்கார வைக்கப்பட்டவர், எதை வாங்குகிறோம் என்று தெரியாத காரணத்தால் பணத்திலேயே தோற்றார்.

அதற்குப் பிறகு டேவிட் மோயஸ், வான் ஹால், மொரின்யோ, சோல்ஷயர், ராங்னிக், டென் ஹாக் என்று ஆளுக்கொரு பாணி, பாணிக்கொரு கொள்முதல். ஃபெர்குசன் விட்டுப்போன அந்த இன்னொரு வேலையைப் பார்க்க வேண்டிய கால்பந்து இயக்குநர் என்ற பதவியையே யுனைடெட் 2021 மார்ச்சில்தான் ஏற்படுத்தி ஜான் மர்டோவை நியமித்தது. பக்கத்துத் தெருக்காரர்களான மான்செஸ்டர் சிட்டி 2012-லேயே சிகி பெகிரிஸ்டைனை அந்த வேலைக்கு அமர்த்திவிட்டார்கள். ஒன்பது ஆண்டு பிந்தி ஏற்படுத்திய பதவிக்கும் போதிய அதிகாரம் இருந்ததாகத் தெரியவில்லை. இருந்திருந்தால், 2022-இல் எட்டுக் கோடி பவுண்டுக்கு மேல் கொடுத்து வாங்கிய ஆன்டனி இந்தப் பருவ லீக் ஆட்டங்களில் இன்று வரை ஒரு கோலும் அடிக்காமல் இருப்பதற்குப் பயிற்சியாளர் ஒருவரை மட்டும் எல்லோரும் கைகாட்ட மாட்டார்கள்.

இது எனக்குப் புதிய கதையன்று. பல ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு தொழிற்சாலைக்கு, தோல் தொழிலுக்குச் சம்பந்தமில்லாத இடத்திலிருந்து ஒரு மேலாளர் வந்தார். நல்ல மனிதர், ஆங்கிலக் கடிதங்களை அழகாக எழுதுவார், சரக்கு வாங்கும் வெளியாட்களுக்கு அவரைப் பிடிக்கும். தரம் பிரிக்கும் மேசையில் ஒரு பெரியவர் இருந்தார். ஜன்னல் வெளிச்சத்தில் தோலை விரித்து, மேற்புறம் உள்ளே வரும்படி இரு கட்டைவிரலுக்கு நடுவில் மடித்து, சுருக்கம் விழுகிறதா என்று பார்ப்பார். விழுந்தால் 'லூஸ் கிரெய்ன்', அதாவது மேற்பரப்பு தளர்ந்த தோல், என்று சொல்லி ஓரமாகப் போடுவார். ஒரு சமயம் ஒரு லாட்டில் பாதிக்கு மேல் ஓரத்துக்குப் போய்விட்டது. கப்பல் தேதி நெருங்குகிறது, தாமதமானால் எவ்வளவு நஷ்டம் என்று மேலாளர் என்னைக் கேட்டார். நான் பைசா பிசகாமல் கணக்குப் போட்டுக் கொடுத்தேன். பெரியவரை யாரும் கேட்கவில்லை. சரக்கு கப்பலேறியது, மூன்று மாதத்தில் முழுக் கன்டெய்னரும் திரும்பி வந்தது. என் கணக்கில் பிழையில்லை. கேட்க வேண்டிய ஆளைக் கேட்காமல் போட்ட கணக்கு அது, அவ்வளவுதான். இன்றும் அந்தப் பெரியவரின் கட்டைவிரல்கள் என் கண்ணில் நிற்கின்றன.

ஆகவே பையன்களிடம் நான் சொன்னதும், தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புவதும் இதுதான்: வருகிறவர் பிளாங்கா வேறொருவரா என்பதைவிட, வருகிறவருக்குப் பக்கத்தில் யார் உட்காரப் போகிறார், அவர் வேண்டாம் என்று சொன்னால் அது செல்லுபடியாகுமா என்பதே ரசிகர்கள் கேட்க வேண்டிய கேள்வி. தற்போது கிளப்பின் சட்ட ஆலோசகர் பேட்ரிக் ஸ்டூவர்ட் இடைக்காலமாகப் பொறுப்பைப் பார்க்கிறார். ராட்கிளிஃபின் ஒப்பந்தத்துக்கு லீக்கின் ஒப்புதல் இனிமேல்தான் வர வேண்டும். வந்தால், ஆட்டம் சம்பந்தப்பட்ட பொறுப்பு ராட்கிளிஃப் தரப்புக்குப் போகும், பெரும்பான்மைப் பங்கோ கிளேசர்களிடமே இருக்கும். அண்ணன் தம்பி கூட்டாக நடத்தும் தொழிற்சாலைகளில் மேலாளராக இருந்தவர்கள் ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் ஏராளம். காலையில் பெரிய முதலாளி சொன்னதை மாலையில் சின்ன முதலாளி மாற்றினால் என்னவாகும் என்று அவர்களைக் கேட்டால் தெரியும். புதிய அதிகாரி இந்த இருவருக்கும் நடுவில்தான் நிற்கப் போகிறார். இரண்டு பக்கமும் முடியாது என்று சொல்லக்கூடிய ஆளாக அவர் இல்லாவிட்டால், வேறு எந்தத் தகுதி இருந்தும் பயனில்லை. 2021 ஏப்ரலில் பெரிய கிளப்புகள் தங்களுக்கென்று தனியாக நடத்த நினைத்த ஐரோப்பிய சூப்பர் லீக் என்ற திட்டத்தில் கிளப்பைச் சேர்த்து, ரசிகர்கள் கொதித்தெழுந்ததும் இரண்டே நாளில் பின்வாங்கி, வுட்வர்ட் பதவி விலகலை அறிவித்தது முடியாது என்று சொல்ல ஆளில்லாத நிர்வாகம் எங்கே போய் நிற்கும் என்பதற்குச் சாட்சி.

வணிகம் தெரிந்தவர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விளம்பர ஒப்பந்தங்களில் வுட்வர்டும் அர்னால்டும் கெட்டிக்காரர்கள். சென்ற ஜூலையில்கூட அடிடாஸுடன் பத்தாண்டுக்குக் குறைந்தது 90 கோடி பவுண்டு என்று கையெழுத்தானது. ஆனால் அந்தப் பணம் கூரைக்குப் போகவில்லை. இங்கிலாந்தின் மிகப் பெரிய கிளப் மைதானமான ஓல்டு டிராஃபோர்டு மழைக்கு ஒழுகுகிறது. 2028 ஐரோப்பியக் கோப்பைக்கான மைதானங்களின் பட்டியலில் அதன் பெயர் இல்லை, சிட்டியின் மைதானம் இருக்கிறது. ராட்கிளிஃப் கட்டமைப்புக்காகத் தருவதாகச் சொல்லும் 30 கோடி டாலர் எதற்குச் செலவாகிறது என்று கேட்பதும் புதியவரின் வேலைதான்.

காட்பாடியில் உட்கார்ந்துகொண்டு மான்செஸ்டர் நிர்வாகத்தைப் பற்றிப் பேச உங்களுக்கு என்ன உரிமை என்று சிலர் கேட்கலாம். ஒரகடத்தில் ஆலை வைத்திருக்கும் அப்போலோ டயர்ஸ் நிறுவனம் 2013 முதல் அந்தக் கிளப்பின் கூட்டாளி. ஒரு தமிழர் தொடங்கிய எச்.சி.எல். நிறுவனமும் 2015 முதல் கூட்டாளியாகியது. நம் ஊர்ப் பையன்கள் இரவு ஒன்றரை மணிக்கு விழித்திருந்து பார்க்கிறார்கள் என்பதையும் எண்ணிக் காட்டித்தான் இப்படிப்பட்ட ஒப்பந்தங்கள் விற்கப்படுகின்றன. எங்கள் தூக்கத்தை விற்றவர்கள் எங்கள் கேள்வியையும் கேட்டுக்கொள்ளட்டும்.

நாளை நள்ளிரவு 1.45 மணிக்கு எஃப்.ஏ. கோப்பையில் விகன் அணியுடன் ஆட்டம். பையன்கள் மாடிக்கு வருவார்கள். பிளாங்கின் பக்கத்து நாற்காலிக்கு ஒரு பெயர் சொல் என்று தங்கை மகனைக் கேட்டு எட்டு நாளாகிறது; "யோசிச்சுச் சொல்றேன் மாமா" என்று போனவன் இன்னும் சொல்லவில்லை. தங்கள் விளையாட்டுப் பக்கமும் அந்தக் கேள்வியை எடுத்து எழுதினால் எங்கள் மாடியில் ஆறு வாசகர்கள் உறுதி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்