பிழை எல்லையையும் சேர்த்துச் சொல்லுங்கள்: தொல்லியல், மானிடவியல் ஆய்வாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆய்வாளர்களுக்கு,

வணக்கம். நான் உங்கள் துறையைச் சேர்ந்தவன் அல்லன். நீங்கள் வெளியிடும் கட்டுரைகளையும் அறிவிப்புகளையும் பல ஆண்டுகளாகப் படித்து, அவற்றில் எனக்கு விளங்கியதைப் பிறருக்குத் தமிழில் எடுத்துச் சொல்லி வருபவன். கலைச்சொற்களை எப்படியாவது தேடிப் பிடித்துவிடுகிறேன். ஆனால் “இது எப்படித் தெரியும்?” என்று கேட்பவருக்கும், “போன முறை வேறு மாதிரி சொன்னார்களே?” என்று கேட்பவருக்கும் விடை சொல்ல, உங்கள் அறிவிப்புகளில் போதிய செய்தி இருப்பதில்லை. அந்தக் குறையைப் பற்றித்தான் இம்மடல்.

ஆல்ப்ஸ் மலையில், ஆஸ்திரிய - இத்தாலிய எல்லையை ஒட்டி 1991 செப்டம்பரில் பனிக்குள்ளிருந்து வெளிப்பட்ட, ஓட்ஸி என்று பெயரிடப்பட்ட தொல்மனிதரின் உடலை எடுத்துக்கொள்கிறேன். அதை முதலில் பார்த்தவர்கள், அண்மையில் இறந்த மலையேறி ஒருவரின் உடல் என்றே நினைத்தார்கள். அது சுமார் 5,300 ஆண்டுகள் பழமையானது எனத் தெரிந்த பின்னரும், அவர் குளிரில் சிக்கி மாண்டிருக்கலாம் என்ற எண்ணம் நெடுநாள் நீடித்தது. 2001இல் எக்ஸ்-கதிர்ப் படத்தில் இடது தோளுக்குள் ஒரு கல் அம்புமுனை தென்பட்டதும் விபத்து கொலையாக மாறியது. 2012இல் வெளியான அவருடைய மரபணுத்தொகுதியை வைத்துக் கிழக்கு ஐரோப்பியப் புல்வெளியின் மேய்ச்சல் மக்களோடு அவருக்குத் தொடர்பு காட்டப்பட்டது. 2023இல் மேலும் துல்லியமாகப் படித்தபோது, பழைய மாதிரியில் இக்கால மனிதரின் மரபணு கலந்திருந்ததும், அவருடைய மூதாதையர் பெரும்பாலும் அனதோலியாவின் (இன்றைய துருக்கிப் பகுதி) வேளாண் மக்களே என்பதும் தெரியவந்தன. அவருடைய தோல் கருமையானது, தலையில் வழுக்கை விழும் வாய்ப்பு மிகுதி என்பவையும் அப்போதுதான் வெளிவந்தன. இதில் ஒரு வேடிக்கை உண்டு. பதப்பட்ட அந்த உடல் முதல் நாளிலிருந்தே கருமையாகவும் முடியற்றும்தான் கிடந்தது. நெடுங்காலம் பனியில் கிடந்ததால் ஏற்பட்ட மாற்றம் என்று அதற்கு விளக்கம் சொல்லிவிட்டு, 2011இல் செய்த உருவத்துக்கு வெளிர்தோலும் நீண்ட முடியும் கொடுத்தார்கள்.

இந்தத் திருத்தங்களில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. கருவி கூர்மையாகும்போது விடை மாறுவது இயல்பு. ஆயினும் செய்தியை மட்டும் படிக்கும் ஒருவருக்கு இவை நான்கு வெவ்வேறு கதைகளாகவே போய்ச் சேர்ந்தன. எந்தக் கருவியால், எந்த மாதிரியைக் கொண்டு, எந்த அளவு உறுதியோடு முந்தைய முடிவு சொல்லப்பட்டது என்பது அன்றே அவருக்குத் தெரிந்திருந்தால், பின்னர் வந்த மாற்றம் அவருக்கு எதிர்பார்த்ததாகவே இருந்திருக்கும். தெரியாதபோது, “இவர்கள் ஆளுக்கொன்று சொல்வார்கள்” என்ற சலிப்பே மிஞ்சுகிறது. பழங்காலக் கட்டடங்களை வேற்றுக்கோள்வாசிகள் வந்து கட்டினார்கள் என்று கதை விற்பவர்கள் அந்தச் சலிப்பின் மேல்தான் கடை விரிக்கிறார்கள்.

உங்கள் கருவிகளில் மக்கள் மிகவும் கேள்விப்பட்டது கரிமக் காலக்கணிப்பு. வில்லார்ட் லிப்பியும் உடன் பணியாற்றியவர்களும் 1949இல் அம்முறையை வெளியிட்டனர். 1960இல் அதற்காக அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. உயிருள்ளவரை உடலில் சேரும் கார்பன்-14, இறந்தபின் சேராமல் நின்று, சுமார் 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது என்ற அளவில் பலரும் அறிவார்கள். அதற்கு மேல்தான் இருட்டு. ஆய்வகம் “3000 ± 30” என்று பிழை எல்லையோடு தந்தால், உண்மையான மதிப்பு 2970 முதல் 3030 வரையிலான அந்த இடைவெளிக்கு வெளியே இருக்க ஏறத்தாழ மூன்றில் ஒரு வாய்ப்பு உண்டு என்பதை எந்தச் செய்தி அறிவிப்பிலும் நான் கண்டதில்லை. “இற்றைக்கு முன்” என்று நீங்கள் எழுதும்போது அந்த “இன்று” 1950ஆம் ஆண்டைக் குறிக்கிறது என்பதும், காற்றில் கார்பன்-14 எல்லாக் காலத்திலும் ஒரே அளவில் இருந்ததில்லையாதலால் மர வளையங்கள் முதலியவற்றோடு ஒப்பிட்டுத் திருத்திய பிறகே அந்த எண் நாட்காட்டி ஆண்டாகிறது என்பதும் அப்படியே. திருத்தாத எண்ணும் திருத்திய எண்ணும் இரண்டு நாளிதழ்களில் வெளியாகி, எது சரி என்று படிப்பவர்கள் சண்டையிட்டதைப் பார்த்திருக்கிறேன். இரண்டுமே சரிதான், சொல்லத்தான் ஆளில்லை.

அதைவிட அடிப்படையான ஒன்றும் விடுபடுகிறது. கணிக்கப்படுவது சுவரின் வயதோ பானையின் வயதோ அன்று, அவற்றுக்கு அருகே கிடந்த கரித்துண்டின் வயது. அந்தக் கரி ஒரு முதிய மரத்தின் நடுப்பகுதியிலிருந்து வந்திருந்தால், அடுப்பு எரிந்த நாளுக்கு நூறு, இருநூறு ஆண்டுகள் முந்தைய காலத்தையே அது காட்டும். துண்டுக்கும் சுவருக்கும் உள்ள உறவை மண்ணடுக்கைப் பார்த்து நிறுவுவதே உங்கள் கைத்திறன் முழுவதும். அதை மறைத்துவிட்டு எந்திரம் தந்த எண்ணை மட்டும் நீட்டினால், உங்கள் உழைப்பை நீங்களே குறைத்துக் காட்டியதாகிறது. “மழைக்கு எழுபது சதவீத வாய்ப்பு” என்பதைக் கேட்டுக் குடை எடுத்துச் செல்லும் மக்களுக்கு வாய்ப்புக் கணக்கு விளங்காது என்று கருதுவது நியாயம் ஆகாது.

சொற்களிலும் இதே கவனம் வேண்டும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் கொலம்பியா ஆற்றில் 1996இல் கிடைத்த கென்னவிக் மனிதர் எனப்படும் பழங்கால எலும்புக்கூட்டின் மண்டையோட்டில் “காக்கசாய்ட்” (ஐரோப்பியர் முதலியோரைக் குறிக்கும் பழைய இனப்பிரிவுச் சொல்) கூறுகள் தெரிவதாக முதலில் சொல்லப்பட்டது. வடிவத்தைக் குறிக்கச் சொன்ன சொல் என்று விளக்கம் வருவதற்குள், பொதுவெளியில் அது “வெள்ளையர்” என்றாகி, அந்நிலத்தின் தொல்குடிகளுக்கு முன்பே ஐரோப்பியர் அங்கே இருந்தார்கள் என்ற வாதமாக வளர்ந்துவிட்டது. 2015இல் வெளியான மரபணு ஆய்வு அவரை இன்றைய அமெரிக்கத் தொல்குடிகளோடு சேர்த்தது. 2017 பிப்ரவரியில் அக்குடிகள் அவரை மீண்டும் அடக்கம் செய்தார்கள். ஒரு சொல்லால் விளைந்த குழப்பம் தீர இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

அவசரத்தைப் பற்றி ஒன்று மட்டும். தென்னாப்பிரிக்கக் குகையில் எலும்புகள் கிடைத்த, அழிந்துபோன மனித இனமான ஹோமோ நலேடியினர் தம் இறந்தோரைப் புதைத்தனர் என்ற கோரல் 2023 ஜூனில் வெளியானது. மதிப்பீட்டாளர்கள் சான்று போதாது என்று எழுதிய அடுத்த சில நாட்களில் அதே கோரலைச் சொல்லும் ஆவணப்படம் உலகெங்கும் வீடுகளுக்குள் வந்துவிட்டது. அந்த மதிப்புரைகள் யாவரும் படிக்கத் திறந்தே இருந்தன என்பது பாராட்டத்தக்கது. படம் பார்த்தவர்களில் எத்தனை பேர் அவற்றைத் தேடிப் படித்திருப்பார்கள்?

இப்படியெல்லாம் எழுதுவதால் மக்களோடு பேச உங்களுக்குத் தெரியாது என்று நான் சொல்வதாகக் கொள்ள வேண்டாம். 2014இல் கினி, சியரா லியோன், லைபீரியா நாடுகளில் எபோலா பரவியபோது, இறந்தவரைக் குளிப்பாட்டித் தொட்டு அடக்கம் செய்வது நோயைப் பெருக்கியது. பாதுகாப்பு உடையணிந்த குழுக்கள் உடல்களைப் பையிலிட்டு எடுத்துச் சென்றபோது மக்கள் எதிர்த்தார்கள், உடல்களை மறைத்தார்கள். அங்கு மானிடவியலாளர்களும் சமயத் தலைவர்களும் அவர்களிடம் உட்கார்ந்து கேட்டதன் பயனாக, குடும்பத்தார் தொலைவில் நின்று பார்க்கவும் தொழவும் இடமளிக்கும் “பாதுகாப்பான, கண்ணியமான அடக்கம்” என்ற நெறிமுறையை உலக சுகாதார நிறுவனம் அந்த நவம்பரில் வெளியிட்டது. கிருமியைப் பற்றிய அறிவியல் மாறவில்லை. அதை யாரிடம், எந்த வரிசையில் சொல்வது என்பது மாறியது. தென்னாப்பிரிக்காவின் தொல்குடியினரான சான் மக்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வு நெறிமுறையும், தங்களிடம் வரும் ஆய்வாளர்கள் கல்வித்துறை மொழியை விட்டுத் தெளிவான மொழியில் பேச வேண்டும் என்று கேட்கிறது. களத்தில் இருக்கும் இந்தப் பொறுமை செய்தியாளர் கூட்டத்திற்கு வரும்போது எங்கே போகிறது என்பதே என் வியப்பு.

ஆகவே என் கோரிக்கை பெரிதன்று. ஒவ்வோர் அறிவிப்பிலும், இந்த முடிவு எதைக் கொண்டு எட்டப்பட்டது, எது கிடைத்தால் இது மாறும் என்ற ஒரு பத்தியைச் சேருங்கள். மண்டையோட்டுக்கு முகம் கொடுக்கும்போது, எலும்பு சொல்வது எது, மரபணு சொல்வது எது, சிற்பியின் ஊகம் எது என்பதை அந்த உருவத்தின் பக்கத்திலேயே எழுதிவையுங்கள். பழைய முடிவைத் திருத்தினால், முதல் அறிவிப்பு சென்ற அதே ஊடகங்களுக்கு, அதே முனைப்போடு திருத்தத்தையும் அனுப்புங்கள். அவர்கள் வெளியிட மறுத்தால் அதையும் பொதுவில் சொல்லுங்கள். அத்தகைய அறிவிப்பு ஒன்று வரும்போது, அதிலுள்ள கூட்டல் கழித்தல் குறியை விடாமல் தமிழில் எழுத நான் அணியமாக இருக்கிறேன்.

மதிப்புடன்,
உங்கள் வாசகன்