சுருக்குப்பை தைத்துத் தந்த அக்காவுக்கு

அன்புள்ள அனைவருக்கும்,

மகள் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பி இன்று மூன்றாவது நாள். மாத்திரை இல்லாமலே இரத்த அழுத்தம் அளவோடு நிற்கிறது. நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. நன்றியை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

முதலில், ஆய்வகத்தில் மாதிரிகளை வாங்கி வைக்கும் அக்காவுக்கு. பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. ஃபியோகுரோமோசைட்டோமா, அதாவது சிறுநீரகத்துக்கு மேலுள்ள அட்ரினல் சுரப்பியில் வந்து இரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும் கட்டி, என்ற சந்தேகம் வந்ததும் 24 மணி நேரச் சிறுநீரைச் சேர்க்கச் சொன்னார்கள். காலையில் முதலில் போவதை விட்டுவிட்டு, மறுநாள் அதே நேரம்வரை சொட்டு விடாமல் கேனில் பிடிக்க வேண்டும். ஒன்பது வயதுப் பெண்பிள்ளை, அத்தனை பேர் பார்க்க அந்தக் கேனைத் தூக்கிக்கொண்டு நடக்கக் கூசினாள். ஒருமுறை யாருக்கும் சொல்லாமல் வெறுங்கையோடு போய்வந்துவிட்டாள். சேர்த்ததெல்லாம் வீண். நான் திட்டினேன், நினைத்தால் இன்னும் சுடுகிறது. அக்கா திட்டவில்லை. ஏன் என்று அவளிடமே கேட்டார். மறுநாள் புதிய கேனோடு ஒரு சுருக்குப்பையும் கொண்டுவந்தார். பூப்போட்ட பழந்துணி, இரவில் தைத்தாராம். "உள்ளே என்ன இருக்கிறதென்று நீ சொன்னால்தான் மற்றவர்களுக்குத் தெரியும்" என்றார்.

அந்தக் கேனில்தான், கட்டி சுரக்கும் ஹார்மோன் சிதைந்து வரும் நார்மெட்டாநெஃப்ரின் பல மடங்கு ஏறியிருந்தது தெரியவந்தது. தலைவலியும் வியர்வையும் எங்கிருந்து வந்தன என்பதும் பிடிபட்டது.

பிள்ளையின் கைக்கு ஏற்ற பட்டையைத் தேடியெடுத்து மூன்று முறை அழுத்தம் பார்த்த மருத்துவர், இரத்தக் குழாய்களைத் தளர்த்தி அழுத்தத்தை இறக்கும் ஆல்ஃபா தடுப்பு மருந்து இரண்டு வாரமாவது போகாமல் அறுவைக்குச் சம்மதிக்க மாட்டேன் என்று நின்ற மயக்க மருத்துவர் (அன்று அவர்மேல் எங்களுக்குக் கோபம்தான்), கட்டியை எடுத்த கைகள், எடுத்த பிறகு அழுத்தமும் சர்க்கரையும் சரிந்துவிடுமோ என்று இரவெல்லாம் விழித்திருந்த செவிலியர்கள், இரத்தம் கொடுத்தவர்கள், சின்னவனைப் பார்த்துக்கொண்டவர்கள்: தனித்தனியே சொல்லாததைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மறுபடி வரக்கூடிய நோய் இது. மரபணுப் பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறோம். இனி ஆயுள் முழுக்கக் கண்காணிப்பு. அவளை இனித் திட்டவே மாட்டேன் என்று சத்தியம் செய்தால் காப்பாற்ற முடியாது. கூச்சப்பட்டதற்காகத் திட்ட மாட்டேன்.

வீட்டுக்குக் கிளம்பும் அன்று அக்கா விடுப்பில் இருந்தார். பையை மகள் துவைத்து மடித்து வைத்திருக்கிறாள், கொடுக்க மனமில்லை. அதை அளவு வைத்து நான் நான்கு தைத்திருக்கிறேன். தையல் கோணல்தான். அடுத்த பரிசோதனைக்கு வரும்போது கொண்டுவருகிறேன் அக்கா.