சித்தூர்ப் புழைக்கு ஒரு திட்டம் எழுதுங்கள்: கேரள மாநிலத் திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய துணைத் தலைவர் அவர்களுக்கும் குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே தென்னையும் கொஞ்சம் காய்கறியும் வைத்திருக்கும் விவசாயி நான். எங்கள் ஊராட்சியில் விவசாயத் திட்டம் எழுதும் வர்க்கிங் குரூப்பில் சில ஆண்டுகள் இருந்திருக்கிறேன். தமிழிலேயே எழுதுகிறேன். 1969-ஆம் ஆண்டு அரசு மொழிச் சட்டம் எங்களுக்கு அந்த உரிமையைக் கொடுத்திருக்கிறது.

கேட்க வந்தது ஒன்றுதான். உங்களுடைய 14-ஆவது ஐந்தாண்டுத் திட்டம் 2027 மார்ச்சோடு முடிகிறது. அடுத்ததை எழுத உட்காரும்போது, எங்கள் ஆறான சித்தூர்ப் புழையின் நீர் பாயும் நிலம் முழுவதையும், எல்லைக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் என்று பிரிக்காமல், ஒரே பகுதியாக எடுத்துத் திட்டமிடுங்கள். தமிழ்நாட்டையும் கூட உட்கார வைத்துத் திட்டமிடுங்கள்.

இதை ஏன் உங்களிடம் கேட்கிறேன் என்றால், டெல்லியில் கேட்பதற்கு இப்போது ஆள் இல்லை. 1950 மார்ச் 15-ல் மத்திய அமைச்சரவையின் ஒரு தீர்மானத்தால் திட்டக் கமிஷன் வந்தது. அரசியல் சட்டத்தில் அதற்கு இடம் கிடையாது, தனிச் சட்டமும் கிடையாது. அப்படி வந்த ஒரு அமைப்பு அறுபது ஆண்டுகளுக்கு மேல் இந்த நாட்டின் பணம் எங்கே போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தது. 2015 ஜனவரி 1-ல் அதன் இடத்துக்கு நிதி ஆயோக் வந்தது. மாநிலங்களுக்குப் பணம் ஒதுக்கும் வேலை அதற்கு இல்லை. 2017-ல் 12-ஆவது திட்டம் முடிந்ததும் மத்திய அரசு ஐந்தாண்டுத் திட்டம் எழுதுவதையே நிறுத்திவிட்டது. கேரளம் நிறுத்தவில்லை. 13-ஐ எழுதினீர்கள், 14-ஐயும் எழுதினீர்கள். நாடே கைவிட்ட ஒரு வேலையை விடாமல் செய்கிறவர்கள் என்பதால்தான் இந்தக் கோரிக்கை உங்களிடம் வருகிறது.

திட்டமிடலின் கதையில் மலையாளிகளின் கை ஆரம்பத்திலிருந்தே உண்டு. 1938-ல் சுபாஷ் சந்திர போஸ் காங்கிரஸ் தலைவராக இருந்தபோது தேசியத் திட்டக் குழு அமைந்தது, நேரு அதற்குத் தலைவர். அப்புறம் 1944-ல் டாட்டா, பிர்லா போன்ற தொழிலதிபர்கள் பதினைந்து ஆண்டுகளில் 10,000 கோடி ரூபாய் முதலீடு என்று பம்பாய்த் திட்டத்தை வெளியிட்டார்கள். அதில் கையெழுத்திட்ட ஜான் மத்தாய் கோழிக்கோட்டில் பிறந்தவர். அவரே பிறகு நிதியமைச்சர் ஆனார். திட்டக் கமிஷனுக்கு இவ்வளவு அதிகாரமா என்று எதிர்த்து 1950-லேயே பதவியை விட்டும் போனார். அடுத்த ஆண்டே முதல் திட்டத்தின் முகப்பு அத்தியாயத்தை எழுதியவர்களில் திருச்சூர்க்காரரான கே.என். ராஜ் இருந்தார், முப்பதைத் தொடாத இளைஞர். ஒருவர் சந்தேகப்பட்டார், ஒருவர் நம்பினார். எனக்கு இருவர் மேலும் மரியாதை உண்டு, ஏனென்றால் இரண்டுக்கும் காரணம் இருந்ததை எங்கள் ஊரிலேயே பார்க்க முடிகிறது.

நம்பிக்கைக்குக் காரணம் எங்கள் ஆறு. 2,069 கோடி ரூபாயில் போட்ட முதல் திட்டம் விவசாயத்துக்கும் பாசனத்துக்கும் மின்சாரத்துக்கும்தான் முன்னிடம் கொடுத்தது. பக்ரா, தாமோதர், ஹிராகுட் எல்லாம் அந்தக் காலத்து வேலைகள். இரண்டாம் திட்டத்தில் புள்ளியியல் அறிஞர் மகாலனோபிஸின் கணக்குப்படி உருக்காலைகள் முன்னே வந்தன, இருந்தாலும் அணை வேலை நிற்கவில்லை. அந்த வேகத்தில் எழுந்ததுதான் எங்கள் பக்கத்துப் பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம், பி.ஏ.பி. சென்னையில் காமராசர் அரசு, அதில் நிதியமைச்சர் பொள்ளாச்சிப் பக்கத்துக்காரரான சி. சுப்பிரமணியம். திருவனந்தபுரத்தில் ஈ.எம்.எஸ். அரசு. காங்கிரசும் கம்யூனிஸ்டும் எதிரெதிராக நின்ற காலம் அது. கேரளத்து மலைக்குள் அணை, அதை இயக்குவது தமிழ்நாடு என்று இன்றைக்கு ஒருவர் சொன்னால் டிவியில் ஒரு வாரம் சண்டை நடக்கும். அன்றைக்கு அதைப் பேசி முடித்தார்கள்.

1970 மே 29-ல் கையெழுத்தான பி.ஏ.பி. ஒப்பந்தம் 1958 நவம்பர் 9 முதல் நடப்புக்கு வந்ததாகக் கணக்கு. அதன்படி ஜூலை முதல் ஜூன் வரையிலான ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் மணக்கடவு அணைக்கட்டில் எங்களுக்கு வர வேண்டும். 30 ஆண்டு கழித்து மறுபரிசீலனை என்று அதிலேயே எழுதியிருக்கிறது. 1988 வந்து போனது. பேச்சு பலமுறை நடந்தது, புதிய ஒப்பந்தம் வரவில்லை.

மணக்கடவு தாண்டி வரும் தண்ணீரை மூலத்தறையில் இடது வலது என்று இரண்டு வாய்க்காலாகப் பிரிக்கிறார்கள். வாய்க்கால் திறந்த அன்று கடைமடையில் போய் நின்று பாருங்கள். ஷட்டர் துருப்பிடித்து, பாதியில் நின்று, கீழே கல்லும் சாக்கும் வைத்து அடைத்திருக்கும். மேலே இருக்கிற தோட்டங்கள் குடித்து மீந்தது அங்கே கணுக்கால் அளவுக்கு வரும், முறை முடிந்ததும் அதுவும் நின்றுவிடும். அதை நம்பி யாரும் தென்னை வைப்பதில்லை. போர் போடுகிறோம். தண்ணீர் கிடைக்காவிட்டால் இன்னும் ஆழமாகப் போடுகிறோம். மார்ச், ஏப்ரலில் மட்டை தொங்கிக் குரும்பை உதிரும்போது டேங்கர் லாரிக்குப் போன் செய்கிறோம். அந்த லாரியும் பக்கத்து ஊர்ப் போரிலிருந்துதான் தண்ணீர் கொண்டுவருகிறது. கேரளம் முழுக்கப் போகும் கள்ளில் பெரும்பங்கு இந்தச் சித்தூர்த் தென்னையில் இறக்குவதுதான் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

மத்தாயின் சந்தேகத்துக்கான காரணமும் இங்கேயே இருக்கிறது. டெல்லித் திட்டங்களின் கண்ணுக்கு மாநிலத்துக்குக் கீழே எதுவும் தெரியவில்லை. 1969-ல் வந்த காட்கில் சூத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மத்திய உதவியில் 60 சதவீதம் மக்கள்தொகைக்கு. மீதியைப் பத்துப் பத்தாகத் தலா வருமானம், வரி முயற்சி, நடந்துகொண்டிருக்கும் பெரிய பாசன மின் திட்டங்கள், தனிப்பட்ட பிரச்சினைகள் என்று பிரித்தார்கள். மாநிலங்களுக்கு இடையே அது நியாயமான கணக்குதான். ஆனால் எல்லாமே மாநிலக் கணக்கு. ஆழியாறு ஆயக்கட்டு அந்தப் பேரேட்டில், சித்தூர் இந்தப் பேரேட்டில். நடுவே ஓடும் ஆறு யார் கணக்கிலும் முழுதாக வரவில்லை.

கீழே தெரியாத அந்தக் குறையைத் தீர்த்தது நீங்கள்தான். 1996-ல் ஜனகீயாசூத்திரணம் என்ற மக்கள் திட்டமிடல் இயக்கத்தைத் தொடங்கித் திட்டப் பணத்தில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்குக் கொடுத்தீர்கள். எங்கள் வார்டு ஊர்க்கூட்டத்தில் பெண்கள் எழுந்து நின்று பைப் எங்கே வர வேண்டும் என்று சொல்லி, அதே இடத்தில் பைப் வந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதைச் சிறிய விஷயம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். பெருமாட்டி ஊராட்சி 2003-ல் பிளாச்சிமடை கோக்கோ கோலா ஆலைக்கு உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்ததும் அந்தத் தைரியத்தின் தொடர்ச்சியாகத்தான் எனக்குத் தெரிகிறது.

ஆனால் வர்க்கிங் குரூப்பில் உட்கார்ந்தால் ஒரு இடத்தில் எப்போதும் முட்டிக்கொண்டு நிற்போம். கிணறு தூர் வாரலாம், சொட்டு நீருக்கு மானியம் வைக்கலாம், குளக்கரை கட்டலாம். ஆழியாற்றில் இந்த ஆண்டு எவ்வளவு இருப்பு, அந்தப் பக்கம் எந்த மண்டலத்துக்குச் சுற்று, எப்போது திறப்பு என்று தெரியாமல் எந்தப் பயிரை வைக்கச் சொல்வது? வடகரப்பதி, எருத்தேன்பதி, கொழிஞ்சாம்பாறை எல்லாம் தனித்தனியாகப் பத்ததி, அதாவது திட்டம், எழுதி மாவட்டத் திட்டக் குழுவுக்கு அனுப்புகின்றன. நிலத்தடி நீரோ எல்லாருக்கும் ஒன்றுதான், கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கத்துக்கும் அதேதான். இரு மாநில அதிகாரிகளின் கூட்டு வாரியம் தண்ணீரை அளக்கிறது, நல்லது. அந்தத் தண்ணீரை வைத்து என்ன பயிர், எவ்வளவு போர், எங்கே சந்தை என்று யோசிப்பது அதன் வேலை இல்லை. நாட்டுக்கு ஒரு திட்டம் இருந்தது, ஊராட்சிக்கு ஒரு திட்டம் இருக்கிறது. ஆற்றுக்கு இல்லை.

எனவே நான் கேட்பது புதிய அணையோ புதிய தீர்ப்பாயமோ அல்ல. ஒப்பந்தத்தை யாரும் திறக்க வேண்டாம். தமிழ்நாட்டில் 1971 முதல் ஒரு மாநிலத் திட்டக் குழு இருக்கிறது. அதற்கு ஒரு கடிதம் எழுதுங்கள். ஆனைமலை, பொள்ளாச்சி விவசாயிகளும் எங்கள் கிழக்கு ஊராட்சிகளின் விவசாயிகளும் இரு பக்கத்து நீர்வளத்துறையினரும் உட்காரும் ஒரு வர்க்கிங் குரூப்பை உங்கள் திட்டத்துக்குள் கொண்டுவாருங்கள். முதல் ஆண்டில் அது ஒரு நீர்க்கணக்கு மட்டும் போட்டால் போதும்: அணை, வாய்க்கால், போர், டேங்கர் எல்லாம் சேர்ந்த கணக்கு. தாள்களைத் தமிழிலும் மலையாளத்திலும் கொடுங்கள். கொழிஞ்சாம்பாறைக் கூட்டத்தில் மலையாளத்தில் வரும் வரைவைப் பக்கத்து ஆள் காதில் சொல்லித்தான் பாதிப் பேர் தெரிந்துகொள்கிறார்கள்.

கூட்டம் எங்கே என்று கேட்டால், மூலத்தறையில் வையுங்கள், ஏப்ரலில் வையுங்கள். அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கும் தூரம் இல்லை. எங்கள் வர்க்கிங் குரூப்பில் பழைய வாய்க்கால் முறைக் குறிப்பேடுகள் சில இருக்கின்றன. ஆள் அனுப்பினால் நகல் எடுத்துத் தருகிறோம். உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
சித்தூர் தாலுகா, கிழக்கு ஊராட்சி விவசாயி ஒருவன்