என் வாக்கியம் முடியும்வரை நின்றவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

உள்ளாட்சித் தேர்தல் முடிந்து ஒன்பது நாள் ஆகிறது. தோற்ற வேட்பாளர் நன்றி சொன்னால் அதைச் சம்பிரதாயம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் இந்த மடலை எழுத எனக்கு ஆறு நாள் பிடித்தது. சம்பிரதாயத்துக்காக யாரும் அவ்வளவு பாடுபடமாட்டார்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். இருபத்திரண்டு ஆண்டுகள் வகுப்பறையில் பேசிப் பிழைத்தவள் நான். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு காலையில் பக்கவாதம் வந்தது. மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டதால் வலக்கையும் பேச்சும் ஒன்றாகப் போயின. நினைப்பு எல்லாம் உள்ளே அப்படியே இருந்தது, சொல்தான் வரவில்லை. முதல் ஏழு வாரம் என்னிடம் இருந்தது ‘அது’ என்ற ஒரே சொல். தண்ணீரும் அது, மகளும் அது, வலியும் அது. 1861இல் பாரிஸில் பால் புரோக்கா என்ற மருத்துவர் பரிசோதித்த ஒரு நோயாளிக்கு ஏறக்குறைய ‘டான்’ என்ற ஓசை மட்டுமே மிஞ்சியிருந்தது. அவர் மூளையில் பழுதாகியிருந்த பகுதி இன்றும் புரோக்காவின் பெயரால்தான் வழங்குகிறது. எழுத்துக் கணக்கில் அவரும் நானும் சமம் என்று பின்னால் சிரித்துக்கொண்டேன். அப்போது சிரிப்பு வரவில்லை.

முதல் நன்றி, எனக்குப் பேச்சுப் பயிற்சி அளித்த அக்காவுக்கு. ஒரு சொல் பேச முடியாதவள் பழைய பாட்டொன்றை முழு வரியாக முணுமுணுத்ததைக் கவனித்தவர் அவர்தான். இடக்கையால் மேசையைத் தட்டியபடி, சொல்ல வேண்டியதை ராகமாக இழுத்துச் சொல்லி, பிறகு அந்த மெட்டைச் சிறிது சிறிதாகக் கழற்றிவிடும் முறை ஒன்று உண்டு. 1970களில் பாஸ்டனில் உருவானது. எனக்கு மெட்டு முழுதாகக் கழலவே இல்லை. “வடிகால் வேலையை முடிப்பேன்” என்று நான் தாலாட்டுப் போல இழுக்க, தெருப் பிள்ளைகள் அதையே பாடிக்கொண்டு பின்னால் வந்தார்கள். எந்தக் கட்சிக்கும் பிரசாரப் பாடல் இவ்வளவு மலிவாகக் கிடைத்திருக்காது.

அடுத்தது என் கணவருக்கு. தினமும் நடக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். உடைந்த நடைபாதையில் தடியூன்றி நடந்து இரண்டு முறை விழுந்தேன், மூன்று மனுக்கள் அனுப்பினேன், பதில் இல்லை. உறுப்பினர் பதவிக்கு நிற்கப்போகிறேன் என்று நான் எழுதிக் காட்டியபோது இரண்டு நாள் அவர் எதுவும் பேசவில்லை. மூன்றாம் நாள் கேட்டது ஒன்றுதான்: “வேட்புமனுவில் எந்தக் கையால் கையெழுத்துப் போடுவாய்?” பிறகு ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி வந்தார். நான்கு நோட்டுகள் தீர்ந்தபின் இடக்கைக்கு ஒரு கையெழுத்து அமைந்தது. பழையதைவிட அழகு குறைவு. ஆனால் அது நான் சம்பாதித்தது.

என் மகள் வேறொரு வேலை செய்தாள். அமெரிக்காவில் ஜான் ஃபெட்டர்மன் என்பவருக்கு 2022 மே மாதம், செனட் தேர்தல் பிரசாரத்தின் நடுவில், பக்கவாதம் வந்தது. அக்டோபரில் நடந்த தொலைக்காட்சி விவாதத்தில், காதில் விழும் பேச்சைத் திரையில் எழுத்தாக ஓடவிட்டுப் படித்துப் பதில் சொன்னார். பல இடங்களில் தடுமாறினார். நவம்பரில் வென்றார். அந்த விவாதத்தை மகள் என்னை உட்காரவைத்துக் காட்டினாள். வெற்றியைப் பார்த்து நான் உற்சாகம் அடைய வேண்டும் என்பது அவள் எண்ணம். என் கண்ணில் பட்டதோ அந்தத் திரைதான். தேவையானதைக் கேட்டு வாங்கலாம், அதில் வெட்கம் இல்லை என்று அன்றுதான் புரிந்தது.

அதனால்தான் வேட்பாளர் கூட்டத்தில் எனக்கு மட்டும் இரட்டை நேரம் கேட்டேன். ஏற்பாட்டாளர்கள் விதிகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, “என் நேரத்திலிருந்து கொடுங்கள்” என்று எழுந்தவர் எனக்கு எதிராக நின்று இப்போது வென்றிருப்பவர். ஐயா, உங்களுக்கு நான் வாக்களிக்கவில்லை. ஆனால் நன்றி.

இனி, நான் மிகவும் கடன்பட்டவர்கள். சொல் வராமல் ஒருவர் திணறும்போது பக்கத்தில் இருப்பவர் எடுத்துக்கொடுப்பது அன்பினால்தான். வீட்டில் அதைப் பொறுத்துக்கொள்வேன். வாக்குக் கேட்கும் வாசலில் அது ஆபத்து. எடுத்துக்கொடுக்கப்படும் சொல் அவருடைய சொல், வாக்குறுதியும் அவருடையதாகிவிடும். ஆகவே கூட வந்தவர்களிடம் ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன்: யாரும் என் வாக்கியத்தை முடிக்கக் கூடாது. ஒலிபெருக்கி பிடித்த தம்பி, நான் தடைபட்டு நிற்கும்போதெல்லாம் விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். ஒருமுறை நாற்பதைத் தாண்டியதாம். கைவலித்தும் அவர் வாய் திறக்கவில்லை.

வாசலில் நின்ற நீங்களும் அப்படித்தான். அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றவர்கள், வண்டியைக் கிளப்பியவர் அதை நிறுத்திவிட்டுக் கேட்டது, எல்லாம் நினைவில் இருக்கிறது. ஒரு பாட்டி, “தெருவிளக்குப் போட்டுத் தருவாயா?” என்று கேட்டார். ‘ஆம்’ என்று சொல்ல நினைத்தேன். வாயில் ‘இல்லை’ என்று வந்துவிட்டது. இந்த நோயில் இது அடிக்கடி நடக்கும். நான் தலையை ஆட்டித் திருத்துவதற்குள் பாட்டி சொன்னார்: “இத்தனை தேர்தலில் இல்லை என்று சொன்ன முதல் ஆள் நீதான். உனக்கே போடுகிறேன்.” அவருக்கு நான் இன்னும் ஒரு ‘ஆம்’ பாக்கி வைத்திருக்கிறேன்.

நூறுக்கும் குறைவான வாக்குகளில் தோற்றேன். முதல் இரவு அழுதேன், மறைப்பதற்கில்லை. அடுத்த முறை நிற்பேனா என்று கேட்கிறார்கள். இப்போதைக்குத் தெரியாது. நான்காவது மனுவை மட்டும் எழுதத் தொடங்கியிருக்கிறேன்.

செலவுக் கணக்கு தயாராக இருக்கிறது. நன்கொடை தந்தவர்கள் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்கு என் சுவரொட்டிகளை அகற்றப் போகிறேன். இடக்கையால் சுரண்டுவதால் நேரம் ஆகும். ஏணி இருப்பவர்கள் கொண்டு வாருங்கள்.

நன்றியுடன்,
வரிசையில் இரண்டாவதாக வந்தவள்